பழைய பியானோவுக்குப் புதிய வர்ணம்

கடல் கடந்து வந்து மன்னார்த் தீவின் ஊர்ப்பொருளாகிவிட்டவை பல உண்டு. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். பட்டினத்து வீதிகளில் எந்த வாகனத்துக்கும் விலகாமல் நின்று சிந்திக்கின்ற கழுதைகளும் அவர்களோடு வந்தவையே என்பர். அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொன்று எங்கள் பெரியம்மா வீட்டு முன்கூடத்திலே இருக்கிறது. அது ஒரு பியானோ. பெட்டி நிமிர்ந்து சுவரோடு சாய்ந்து நிற்கும் வகையைச் சேர்ந்தது. பெரியம்மாவின் தகப்பனார் காலத்தில் இலண்டனிலிருந்து கப்பலில் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து புகையிரதத்தில் மன்னாருக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததாம்.

பெரியம்மா மேனாட்டு இசை கற்பித்து இளைப்பாறியவர். 1990ஆம் ஆண்டில் போர் முற்றியபோது அவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது கதவில்லை, நிலையில்லை, கிணற்றுக் கப்பியுமில்லை. பியானோ மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஏறக்குறைய 200 கிலோகிராம் பாரமுள்ள பொருளை யார் தூக்குவார்? பாரமே அதற்குக் காவலாயிற்று. ஆயினும் ஓடு விலகிய இடத்தால் மழை ஒழுகியிருந்தது. ஒரு காலத்தில் முகம் பார்க்கக்கூடியதாயிருந்த மெருகு வெண்மை பூத்து, மேல்மூடியிலே மரத்தோல் கொப்பளித்துக் கிடந்தது.

அண்மையில் பெரியம்மாவின் பேத்தி இதற்கு வர்ணம் பூசவேண்டும் என்று புறப்பட்டாள். மஞ்சள் வர்ணம், அதுவும் மங்கிய மஞ்சளன்று, பூசணிப்பூ மஞ்சள். பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “கிழவிக்குக் கூறைச் சேலை கட்டிப் பார்க்கப் போகிறீர்களோ?” வானொலியில் பேசுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் உள்ள மூடநம்பிக்கைகளுள் ஒன்று. ஆகவே வழக்கு என்னிடம் வந்தது. அவ்வழக்கின் பொருட்டு நான் படித்தவற்றையும், விசாரித்தவற்றையும், கையால் செய்து கெடுத்துக்கொண்டவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலிலே தீர்க்கவேண்டிய ஐயம் ஒன்று. வர்ணம் பூசினால் பியானோவின் குரல் கெடுமா? இதற்கு விடை காண, அதன் குரல் எங்கே இருக்கிறது என்று அறிதல் வேண்டும். கட்டையை நாம் அழுத்தும்போது, உள்ளேயுள்ள ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டுகிறது. சுத்தியலின் தலை கம்பளி மயிரை இறுக்கிச் செய்தது. முழு அளவான பியானோவிலே 88 கட்டைகளும் இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் உள்ளன. அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கின்ற இழுவை ஏறக்குறைய 18 தொன். மரச்சட்டம் அதனைத் தாங்காது. ஆதலால், 1825ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து அல்பியஸ் பாப்கொக் என்பவர் ஒரே வார்ப்பாகச் செய்த இரும்புச் சட்டத்துக்கு உரிமை பெற்ற பின்னர், இரும்பே பியானோவின் முதுகெலும்பாயிற்று.

ஆனால், கம்பி மட்டும் அதிர்ந்தால் கொசுவின் இரைச்சலுக்கு மேல் ஒன்றும் கேளாது. கம்பியின் அதிர்வு ஒரு மரப்பாலத்தின் வழியாகப் பின்னாலுள்ள பெரிய பலகைக்குப் போகிறது. ஒலிப்பலகை எனப்படும் அது, ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்தால் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த கனத்திலே இழைக்கப்பட்டது. வீணைக்குக் குடம் எப்படியோ, பியானோவுக்கு இப்பலகை அப்படி. நமது கண்ணுக்குத் தெரிகின்ற வெளிப்பெட்டியோ உடுப்பு மாத்திரமே. வயலின் போன்ற வாத்தியத்திலே மெருகு பூசும் மரமே அதிர்கின்ற மரம். அங்கே கை வைப்பது அபாயம். பியானோவின் வெளிப்பெட்டிக்கு மெல்லிய வர்ணம் பூசுவதால் குரலிலே நமது செவி அறியக்கூடிய மாற்றம் ஏற்படாது. ஒலிப்பலகை, கம்பி, சுத்தியல், கம்பியை முறுக்கி வைத்திருக்கும் முளைகள், கட்டைகள் ஆகியவற்றில் ஒரு துளியும் படக்கூடாது. அவ்வளவே.

“அப்படியென்றால் பூசலாம்தானே?” என்றாள் பேத்தி. இல்லை, இன்னும் இல்லை. குரல் கெடாது என்பது ஒன்று. குரல் இருக்கிறதா என்பது வேறொன்று. பழைய பியானோவை வாங்கி, வாரக்கணக்கிலே தேய்த்து, அழகாக வர்ணம் பூசிய பின்னர், சுருதி நிற்கவில்லை என்று கண்டு கைசோர்ந்தவர் பலர். முளைகள் இறங்கியிருக்கும் தடித்த மரக்கட்டையிலே பிளவு விழுந்துவிட்டால், எத்தனை முறை முறுக்கினாலும் கம்பி மறுநாள் தளர்ந்துவிடும். இரும்புச் சட்டத்திலே வெடிப்பு இருந்தால் கதை அத்துடன் முடிந்தது. கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே கறையான் மண் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஆகையால் சுருதி கூட்டுகிறவரை முதலிலே அழைத்துக் காட்டுவதே முறை. எங்களுக்காக ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். 1990இல் அறுந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறந்தபடியால், பியானோ வந்த வழியாலேயே அவரும் வந்தார். மூலைகளிலே பித்தளைத் திருகாணிகள் இருப்பதைக் காட்டி அவர் மகிழ்ந்தார். வெப்ப நாடுகளுக்கென்று செய்த பியானோக்களில், பசையை மட்டும் நம்பாமல் இவ்வாறு திருகாணி கொண்டு இறுக்குவது அக்கால வழக்கம். முளைகள் பிடிப்பாகவே இருந்தன. கம்பிகள் துருவேறியவையாதலால் முழுச் சுருதிக்கு இழுத்தால் அறும். அரைச் சுரம் தாழ்த்தி வைக்கலாம் என்று தீர்ப்புக் கூறினார். பெட்டியைப்பற்றிக் கேட்டபோது, “மெருகு போய்விட்டது, பெயரும் அரிதான பெயரன்று, உங்கள் விருப்பம்” என்றார்.

இந்தக் கடைசி வார்த்தை முக்கியமானது. அரிய கைவினைஞர் செய்த பழைய வாத்தியமாயின், அல்லது பதிப்பு வேலை நிறைந்த நல்ல மரமாயின், வர்ணம் பூசுவது பாவம் என்றே நான் சொல்வேன். ஏனெனில் அது திரும்பப் பெறமுடியாத செயல். பூசியதை உரிக்கலாம், உரித்த இடத்தில் முதல் மெருகு திரும்பி வராது. ஆயிரக்கணக்கிலே செய்து விற்ற சாதாரணப் பெட்டியாகி, மெருகும் மாண்டுவிட்டதாயின், வர்ணம் அதற்கு இழுக்கன்று.

பியானோ என்றால் கறுப்பு அல்லது கபிலம் என்று நாம் நினைப்பதற்குக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாகரிகமே. 1950, 60களின் தமிழ்த் திரைப்படங்களில் செல்வர் மாளிகை என்றால் மாடிப்படியும் அதனடியிலே பளபளக்கும் பியானோவும் தவறாமல் இருக்கும். அவையும் அந்த எண்ணத்தை நம்முள் ஊன்றின. ஆனால் பியானோவின் முன்னோரைப் பாருங்கள். 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரத்திலே கிறிஸ்தோபோரி பியானோவை உருவாக்குவதற்கு முன்னரே, அன்வேர்ஸ் நகரத்து ருக்கேர்ஸ் குடும்பத்தார் செய்த ஹாப்சிக்கோட் வாத்தியங்கள் வர்ணக் கோலத்துடனேயே விளங்கின. அவர்கள் ஒலிப்பலகையிலேகூடப் பூவும் பறவையும் வரைந்தார்கள். மிக மெல்லிய நீர்வர்ணத்தில் வரைந்தார்கள் என்பதை மறந்து நாம் அவர்களைப் பின்பற்றக்கூடாது. 1880ஆம் ஆண்டளவில் எட்வேட் பேர்ன்-ஜோன்ஸ் என்னும் ஆங்கில ஓவியர் ஒரு பியானோவிலே ஓர்பியூஸின் கதையைத் தீட்டினார். 1903இல் ஸ்ரைன்வே நிறுவனம் தனது 100,000ஆவது பியானோவைப் பொன்னிழைத்து, மூடியின் உட்புறத்திலே தோமஸ் டூயிங் வரைந்த ஓவியத்துடன் வெள்ளை மாளிகைக்கு அளித்தது. ஜோன் லெனனின் வெள்ளைப் பியானோவை அறியாதார் இல்லை. 2008இல் லூக் ஜெராம் என்னும் கலைஞர் பர்மிங்ஹாம் நகரத்து வீதிகளிலே பழைய பியானோக்களை யாவரும் வாசிக்கும்படி வைத்தார். அது முதல் பல நாட்டு நகரங்களின் தெருக்களிலே வர்ணம் தீட்டிய பியானோக்கள் வழிப்போக்கரை அழைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

இவையெல்லாம் குளிர்நாட்டுச் செய்திகள். மன்னாரின் நிலை வேறு. இங்கே மழை குறைவு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில். ஆனால் காற்று ஓய்வதில்லை. தீவின் தெற்குக் கரையோரம் 2020இல் எழுந்த 30 காற்றாலைகளே அதற்குச் சாட்சி. அவற்றைச் சுழற்றுகின்ற அதே காற்றுத்தான் கடலின் உப்பை நுண்துளிகளாக்கி வீட்டுக்குள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. தெற்கே அரிப்பிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்குக் கட்டிய மாளிகை இன்று சுவர் கரைந்து இடிபாடாக நிற்பதைக் கண்டவர்கள், உப்புக் காற்றுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் எம்மாத்திரம் என்பதை அறிவார்கள். பியானோவின் எஃகுக் கம்பியை அது துருப்பிடிக்கச் செய்கிறது. கம்பளியைச் சுவறச் செய்கிறது. ஈரம் ஏறும்போது ஒலிப்பலகை விரிந்து சுருதி ஏறுகிறது. உலரும்போது சுருங்கிச் சுருதி இறங்குகிறது. ஒரே ஆண்டிலே இவ்வாறு மேலும் கீழும் போகின்ற வாத்தியம் கடற்கரையிலே பலமுறை சுருதி கூட்டப்படவேண்டியது இதனால்தான்.

அரிப்பைக் குறிப்பிட்டபடியால் இடையிலே ஒரு சொல். 1863 செப்ரெம்பர் 30ஆம் திகதி பாரிஸ் நகரத்திலே ஜோர்ஜ் பிசே என்பவரின் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. கதை நிகழும் இடம் இலங்கைக் கரை. பிசே இந்தத் தீவைக் கண்டவரல்லர். கதாசிரியர்கள் முதலிலே மெக்சிக்கோவைக் களமாக எண்ணி, பின்னர் இலங்கைக்கு மாற்றினார்களாம். அந்நாடகத்திலே இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் பாட்டைப் பெரியம்மா தம் இளமையிலே இந்தப் பியானோவில் வாசிப்பாராம். நான் கேட்டதில்லை, எனக்கு நினைவு தெரிந்தபோது மூடி பூட்டியிருந்தது.

இனி வேலைக்கு வருவோம். உப்புக்கும் வர்ணத்துக்கும் உள்ள பகையை எனக்கு விளக்கியவர் வர்ண வியாபாரி அல்லர்; மரத் தோணிகள் ஓடிய காலத்திலே அவற்றுக்குப் பூசிப் பழகிய ஓர் அயல்வீட்டு முதியவர். இப்போது கரையில் நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி நாரிழைப் படகுகள். நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக அவற்றிலே எழுதிய பெயர்களைப் பார்க்கும்போது, பேத்தியின் மஞ்சள் அப்படியொன்றும் ஊருக்குப் புறம்பானதன்று என்று எனக்குத் தோன்றியதுண்டு. முதியவர் வந்தார்; மேல்மூடியிலே ஈர விரலால் ஒரு கோடு இழுத்தார்; விரலை நாவில் வைத்தார். “உப்பு இருக்குது, தம்பி. இதுக்கு மேலே பூசினால் ஆறு மாதத்திலே கொப்பளம்” என்றார்.

அதன் காரணம் எளிது. மாரி காலத்திலே உப்புச் சாடியில் உப்புக் கசிந்து நிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பது. வர்ணத்தின் அடியிலே அது சிறைப்பட்டிருந்தாலும் தன் குணத்தை விடாது. வர்ணப்படலத்தினூடே சிறிது சிறிதாக ஈரத்தை உறிஞ்சி, நீர்க்குமிழாகத் திரண்டு, படலத்தை மரத்திலிருந்து தூக்கிவிடும். தோணியாயின் நன்னீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவலாம். பியானோவுக்கு அவ்வாறு செய்தால், மரத்தோலை ஒட்டியிருக்கும் பழைய வச்சிரப்பசை இளகித் தோல் கழன்றுவிடும். நன்னீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, துணியை அலசி, மீண்டும் துடைக்கவேண்டும். முதியவர் மூன்று நாள் இதனைச் செய்வித்தார். நான்காம் நாள் விரலை நாவில் வைத்துத் தலையசைத்தார்.

காலத்தையும் அவரே குறித்தார். வாடைக் காற்று வீசும்போது ஈரம். சோளகம் எழுந்துவிட்டால் புழுதியும் மணலும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி பங்குனி மாதங்களே உகந்தவை. அம்மாதங்களிலும் காலை பத்து மணிக்கு முன்னர், மரத்திலே பனி ஈரம் இருக்கும்போது, தொடக்கூடாது. பொழுது சாய்ந்த பின்னரும் பூசக்கூடாது.

வேலையின் ஒழுங்கைச் சொல்கிறேன். மேல்மூடி, முன்பலகை, கட்டைகளை மூடும் பலகை, கீழ்ப்பலகை ஆகியன கழன்று வருபவை. ஒவ்வொன்றின் பின்னாலும் அது எந்தப் பக்கத்தது என்று பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றுதல் நன்று. பித்தளைப் பிணைச்சல்களையும் மெழுகுதிரி தாங்கிகளையும் திருகாணிகளோடு தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைக்கவேண்டும். திறந்து நிற்கும் கம்பிகளையும் சுத்தியல்களையும் பழைய சேலையால் நன்றாக மூடிவிட வேண்டும். தேய்க்கும் தூள் உள்ளே புகுந்தால் அதனை எடுப்பது வர்ணம் பூசுவதிலும் பெரிய வேலை. கழற்றிய பலகைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கிடையாக வைத்துத் தேய்ப்பதும் பூசுவதும் சிறந்தது. நிமிர்த்திவைத்துப் பூசினால் வர்ணம் கண்ணீர்போல் வழியும். கட்டைகளுக்கு நீரோ வர்ணம் கரைக்கும் தைலமோ ஆகாது. பழைய கட்டைகளின் மேலுள்ளது யானைத் தந்தமாயின் ஈரத்தால் பசைவிடும். செலுலோயிட் ஆயின் தைலம் அதனைத் தின்னும். 1989இல் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க முடிவுசெய்த பின்னர், கழன்று தொலைந்த ஒரு தந்தத் தகட்டுக்கு மாற்றுப் பெறுவதும் அரிதாயிற்று.

ஓர் எச்சரிக்கை. பெட்டிக்கு முன்னமே யாராவது வர்ணம் பூசியிருந்தால், அப்பழைய வர்ணத்திலே ஈயம் இருக்கக்கூடும். அதனை உலரத் தேய்த்துத் தூளாக்குதல் கூடாது. அத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எங்கள் பெட்டியிலே இருந்தது அரக்கு மெருகு மட்டுமே. இதனை அறியும் வழி எளிது: மறைவான ஓரிடத்தில் மெதிலேற்றட் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்தால், அரக்கு பிசுபிசுத்துக் கரையும். நகைத்தொழிலாளரும் முத்திரையிடுவோரும் பயன்படுத்துகின்ற, இந்தியக் காட்டு மரங்களிலே ஒரு சிறு பூச்சி உண்டாக்கும் அதே அரக்குத்தான் சுத்தம் செய்யப்பட்டு, ஸ்பிரிட்டில் கரைக்கப்பட்டு, மேனாட்டுப் பியானோவுக்கு மெருகாகப் போனது. நம்மிடமிருந்து சென்று வெள்ளைக்காரப் பெயருடன் திரும்பி வந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இங்கேதான் நான் பிழை செய்தேன். மெருகைத் தேய்த்து எடுக்கவேண்டும் என்ற ஆவலிலே, மணல் ஒட்டிய முரட்டுக் கடதாசியால் மரம் தெரியும்வரை தேய்த்தேன். முதற்பூச்சும் அதன்மேல் மஞ்சளும் பூசினேன். மாலையிலே தங்கம்போல் இருந்தது. மறுநாட் காலையில் பார்த்தால் மேல்மூடி முழுவதும் அம்மை போட்டாற்போலச் செந்நிறப் புள்ளிகள். பெரியம்மா அதனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போனார்.

நடந்தது இதுதான். அக்காலத்துப் பெட்டிகளின் மரத்துக்கு, விலையுயர்ந்த மகோகனிபோலத் தோன்றும்பொருட்டு, செஞ்சாயம் ஏற்றுவது வழக்கம். அரக்கு மெருகு அச்சாயத்தைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டை உடைத்தவன் நான். மேலே பூசிய வர்ணத்தின் தைலம் சாயத்தைக் கரைத்துத் தன்னோடு மேலே இழுத்துவிட்டது. இன்னும் இரண்டு பூச்சு மஞ்சள் பூசினாலும் அது ஊறி வந்துகொண்டே இருக்கும். பரிகாரமும் அரக்கிலேயே இருக்கிறது: மெழுகு நீக்கிய வெள்ளரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிதாக இரண்டு முறை பூசி, சாயத்தை மறுபடி பூட்டிய பின்னரே வர்ணம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அருகிலே அடுப்போ விளக்கோ இருத்தலாகாது. மற்றப் பலகைகளிலே பழைய மெருகை அடியோடு நீக்காமல், அதன் பளபளப்பு மங்குமளவுக்கு மட்டும் நுண்ணிய கடதாசியால் தேய்த்து, அதன்மேலேயே பூசினேன். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய மெருகே சிறந்த அடித்தளம் என்பதை முதலிலேயே அறிந்திருந்தால் நான்கு நாள் மிஞ்சியிருக்கும்.

எடுப்பான நிறங்களைப்பற்றி ஒரு செய்தி. மஞ்சளும் சிவப்பும் பார்வைக்கு வலியவை. மறைக்கும் ஆற்றலிலே மெலியவை. முன்னாளிலே மஞ்சள் என்றால் ஈயமும் குரோமியமும் சேர்ந்த குரோம் மஞ்சள். ஒரு பூச்சிலேயே அடியிலுள்ளதை மறைத்துவிடும், ஆனால் நஞ்சு. அதற்கு மாற்றாக வந்த நிறத்துகள்கள் பல ஒளியை ஊடுருவ விடுபவை. ஆதலால் மஞ்சளுக்கு அடியிலே வெண்மையும், கடுஞ்சிவப்புக்கு அடியிலே சாம்பல் நிறமும் பூசி, மேலே மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு முறை ஏற்றவேண்டும். நீலத்துக்கு இத்துணைத் தொல்லை இல்லை. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளின் கல்லை அரைத்துப் பொன்விலைக்கு விற்ற அந்த ஆழ்ந்த நீலம், 1820களில் பிரான்சிலே செயற்கையாகச் செய்யப்பட்ட பின்னர், நமது வேட்டிக்கு இடும் சலவை நீலமாகவே வந்துவிட்டது.

பல பூச்சுகள் என்றதும் மற்றொரு சிக்கல் எழுகிறது. நான்கு பூச்சுகள் சேர்ந்தால் ஒரு தடித்த கடதாசியின் கனம் வந்துவிடும். கட்டைகளை மூடும் பலகை உட்சென்று வருகின்ற இடுக்கிலும், கடைசிக் கட்டைக்கும் பக்கப்பலகைக்கும் இடையிலும் அந்தக் கடதாசியின் கனம்கூடப் பொறாது; கட்டை இறங்கிய இடத்திலேயே நின்றுவிடும். பலகையோடு பலகை உராயும் ஓரங்களுக்கு வர்ணமே பூசக்கூடாது. பூசி முடிந்தாலும் அவசரம் ஆகாது. தொட்டால் ஒட்டாது என்பது வேறு, இறுகிவிட்டது என்பது வேறு. கடற்கரையின் ஈரக் காற்றிலே எனாமல் வர்ணம் உள்ளே இறுகுவதற்கு ஒரு மாதம் செல்லும். அதற்குள்ளே மேல்மூடியிலே பின்னல் விரிப்பை விரித்துப் படங்களையும் பூச்சாடியையும் வைத்தால், பின்னலின் ஒவ்வொரு கண்ணும் வர்ணத்திலே பதிந்துவிடும்.

பெரியம்மா எப்போது இணங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். அவர் இணங்கியதாக வாய்விட்டுச் சொல்லவேயில்லை. கீழ்ப்பலகையை மட்டும் முதலிலே பூசி, ஒரு வாரம் முன்கூடத்திலே சுவரோடு சாத்தி வைத்தோம். கடையிலே காட்டும் சிறு அட்டையைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிப்பது தவறு. மன்னார் வெயிலிலே காலையில் ஒரு மஞ்சள், நண்பகலில் வேறொரு மஞ்சள், விளக்கொளியில் மற்றொன்று. மூன்றாம் நாள் அவருடைய சாய்மனைக் கதிரை அந்தப் பலகையை நோக்கித் திரும்பியிருப்பதைக் கண்டோம். ஐந்தாம் நாள், “மேல்மூடியின் உட்பக்கத்தைத் தொடவேண்டாம்” என்றார். அங்கே பழைய மெருகு இருட்டிலிருந்து தப்பிக் கறுத்த தேன்போல் அப்படியே இருந்தது. ஒரு மூலையிலே அவருடைய தகப்பனார் பென்சிலால் எழுதிய சுருதி கூட்டிய தேதிகளும் இருந்தன. அதனை அவ்வாறே விட்டோம். பழைய நிறம் எது, மெருகு எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சான்றினை வாத்தியத்திலேயே விட்டுவைப்பது, பழம்பொருள் பேணுவோர் கைக்கொள்ளும் முறையென்பதைப் பின்னர்தான் படித்தேன்.

சுருதி கூட்டுபவர் சித்திரை பிறந்தபின் மறுபடி வந்தார். பெட்டியைக் கடலை நோக்கிய யன்னலிலிருந்து நகர்த்தி, உட்சுவரோரம் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்துவித்தார். ஈரத்தைப் போக்குவதற்காக உள்ளே எப்போதோ யாரோ கட்டியிருந்த மின்குமிழையும் அதன் நைந்த கம்பியையும் கழற்றி எறிந்தார். அது வீட்டையே எரித்திருக்கும் என்றார். இரண்டு நாள் வேலை செய்தார். ஒரு கம்பி அறுந்தது. மற்றவை அரைச் சுரம் தாழ்ந்து நின்றன.

அவர் போன பின்னர் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். மேல்மூடியை நிமிர்த்தி உட்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த இரண்டு நண்பர்களின் பாட்டை வாசிக்கத் தொடங்கினார். இடையிலே ஒரு கட்டை இறங்கிய இடத்தில் நின்றுவிட்டது. நான் வர்ணம் பூசக்கூடாத ஓர் ஓரத்தைப் பூசிவிட்டிருந்தேன். “இதைச் சுரண்டு” என்றார் பெரியம்மா, வாசிப்பதை நிறுத்தாமலே.